கடலோரக் கோடையில் ஆர்விக்குள் டிஹியூமிடிஃபையர்: வாங்கலாம், ஆனால் ஏசிக்குப் பதிலாக அல்ல

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். காற்றிலிருந்து நாளுக்கு 12 லிட்டர் தண்ணீர் எடுக்கும் என்று அட்டையில் போட்டு வருகிற சின்ன கம்ப்ரசர் டிஹியூமிடிஃபையர் (ஈரம் எடுக்கிற மெஷின்) ஆர்விக்கு, அதாவது படுக்கை, அடுப்போடு ஓடுகிற வீட்டு வண்டிக்கு, நல்ல பொருள்தான், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றரை குறைந்ததற்குப் பாதி காரணம் மெஷின், மீதிப் பாதி அதை விற்கிற விதம். கோடையில் கடற்கரைக்குப் போகிறீர்களா, இதை வைத்துவிட்டால் கவலையே இல்லை என்கிற மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். ஏசி ஒழுங்காக ஓடுகிற வண்டிக்குள் கோடையில் இதற்குப் பெரிய வேலை இல்லை. ஏசி ஓடாத நேரத்திலும், ஓடியும் பிரயோஜனம் இல்லாத நேரத்திலும்தான் இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். உள்ளே நமக்குச் சுகமாக இருக்கிற 24 டிகிரி, 50 சதவீதத்தில் அது 11 கிராம்தான். நடுத்தர அளவு ஆர்வி ஒன்றின் உள்பக்கம் தோராயமாக 25 கன மீட்டர். ஆக, பிள்ளைகள் மணலும் ஈரத் துண்டுமாக நாலு தடவை ஏறி இறங்கி, உள்ளே இருந்த காற்று ஒருமுறை முழுக்க மாறினாலே முந்நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. இதற்கு மேல் நம் பங்கு வேறு. தூங்குகிற ஒரு ஆளின் மூச்சும் வியர்வையுமாக ஒரு ராத்திரிக்குக் கால் லிட்டர், சில நேரம் அதற்கும் மேலே. கேஸ் அடுப்பு இன்னும் மோசம், ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும், குழம்பு கொதிக்கிற ஆவி தனிக் கணக்கு.

இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிப் பொருட்களைத் தொடவே வேண்டியதில்லை. முதலில் பெல்டியர் வகை, அதாவது கம்ப்ரசர் இல்லாமல், கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்கிற சின்னத் தகட்டை வைத்து ஓடுவது. பார்க்க அழகாக, சத்தமே இல்லாமல், சில மாடல்கள் நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும். அதனால்தான் ஆர்விக்காரர்கள் மயங்குகிறார்கள். பெரும்பாலும் நாளுக்கு அரை லிட்டர்தான், அதுவும் 30 டிகிரி 80 சதவீதம் என்கிற சாதகமான சூழலில். 60 வாட்டில் நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் கரண்ட் தின்கிறது. அதே சூழலில் கம்ப்ரசர் மெஷின் ஒரு யூனிட்டுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் எடுக்கும்போது இது கால் லிட்டருக்கும் அரை லிட்டருக்கும் நடுவில் நிற்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூடிய அலமாரிக்குள் வைக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து கால்சியம் குளோரைடு டப்பா. ஈரம் அதிகமாக இருந்தால் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் இழுத்துக் கரைந்துபோகும் உப்பு இது, வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் ஏறி இறங்குகிற வண்டியில் அது ஒரு வாரமாக இழுப்பதைக் கதவு அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். அதோடு கீழே தேங்குகிற கரைசல் இரும்பை அரிக்கும், தரையில் கொட்டினால் துடைத்தும் காயாது. ஓடுகிற வண்டியில் அதை வைத்துக்கொண்டு போவது வம்பை விலை கொடுத்து வாங்குவதுதான். சீசன் முடிந்து வண்டியைப் பூட்டிப் போடும்போது, ஒரு தட்டில் வைத்து, கரண்ட் இல்லாத இடத்தில் பயன்படுத்தினால் நியாயம்.

சரி, கம்ப்ரசர் மெஷினுக்கு வருவோம். நான் வைத்திருப்பது பத்து கிலோ சொச்சம் எடை, 200 வாட் அளவில் இழுக்கிறது, இரண்டு லிட்டர் டேங்க், பின்னால் ஹோஸ் மாட்ட ஒரு துளை. பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே மாதிரி பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டி எங்கும் கிடைக்கிறது. மழை பிடித்துக்கொண்டு வெளியே குளிர்ந்துபோய், ஏசி போடவும் முடியாமல் ஜன்னல் திறக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிற நாட்கள் கடலோரத்தில் கோடையிலும் வரும், அந்த நாட்களில் இது பிரமாதம். மூடிய வண்டிக்குள் 80-ல் நின்ற ஈரப்பதத்தை ஒரு மணி நேரத்துக்குள் 60-க்குக் கொண்டுவந்துவிடும், போர்வையைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும், பிஸ்கெட் நமத்துப்போகாது, அலமாரியைத் திறந்தால் அந்த மக்கிய வாடை அடிக்காது. பூஞ்சைக்கு 60-க்கு மேல்தான் கொண்டாட்டம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவும் வீட்டுக்குள் 60-க்குக் கீழே, முடிந்தால் 30-க்கும் 50-க்கும் நடுவில் வைக்கச் சொல்கிறது. ஆர்விக்குள் 50-ஐத் துரத்திக்கொண்டு ஓடுவது வீண், 55-ல் நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

அட்டையில் சொன்ன 12 லிட்டர் மட்டும் கனவு. அந்த எண் 30 டிகிரி 80 சதவீதத்தில் அளந்தது. உள்ளே காற்று காயக் காய அது எடுக்கிற தண்ணீரும் குறையும், நடைமுறையில் பாதி கிடைத்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய குறை சூடு. இதை யாரும் அட்டையில் போடுவதில்லை. ஒரு லிட்டர் ஆவி தண்ணீராக மாறும்போது சுமார் 0.68 யூனிட் அளவுக்கு வெப்பத்தை உள்ளே விடும், மெஷின் இழுக்கிற கரண்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். இரண்டையும் கூட்டினால் உள்ளே முந்நூற்றைம்பது வாட்டுக்கு மேல் ஒரு குட்டி ஹீட்டர் ஓடுகிற கணக்கு. ஏசியின் சூட்டுப் பாகம் கூரைக்கு வெளியே இருக்கிறது, இதனுடையது உங்கள் கால்மாட்டில். 30 டிகிரி வெயிலில் ஏசி இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இதைப் போட்டால் காய்ந்த புழுக்கம் கிடைக்கும், சுகம் கிடைக்காது.

அதனால் வெயில் நாளில் ஏசியே டிஹியூமிடிஃபையர். ஆனால் ஏசியிடம் வேலை வாங்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இதைச் சொல்லித்தருகிற விற்பனையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஃபேன் ஆட்டோவில் இருக்க வேண்டும். கூரை ஏசிகள் பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு), உச்சி வெயிலுக்குக் கணக்குப் போட்டு வாங்கியவை. ராத்திரி வெளியே 26 டிகிரிக்கு இறங்கியதும் அது ஐந்து நிமிடம் ஓடி, செட் பண்ணிய குளிர் வந்துவிட்டது என்று கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஏசிக்குள் குளிர்கிற குழாய்ச் சுருளான காயிலில் அப்போதுதான் தண்ணீர் முத்து முத்தாகப் பிடித்திருக்கும், சொட்டி வெளியே போக நேரம் கிடைத்திருக்காது. இந்த நேரத்தில் ஃபேன் மட்டும் தொடர்ந்து சுற்றினால் அந்த ஈரம் மொத்தமும் திரும்ப உங்கள் மூஞ்சிக்கே வரும். நள்ளிரவில் குளிராகவும் பிசுபிசுப்பாகவும் ஒரே சமயத்தில் இருக்கிறதே, அது இதுதான். ஆட்டோவில் போட்டால் கம்ப்ரசரோடு ஃபேனும் நிற்கும்.

ஆட்டோவில் போட்டும் போதவில்லை என்கிற ராத்திரிகளில்தான் இந்த மெஷினின் இன்னொரு உபயோகம் தெரிகிறது. டிஹியூமிடிஃபையரையும் சேர்த்துப் போட்டால் அது விடுகிற சூட்டால் ஏசி அடிக்கடி, நீளமாக ஓட வேண்டிவரும், இரண்டும் சேர்ந்து தண்ணீரை எடுக்கும். கரண்ட் விரயம் என்று பார்த்தால் விரயம்தான், ஆனால் தூக்கம் வரும். வெளி கரண்ட் இணைப்பு இருக்கிற இடத்தில் மட்டும் செய்யுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியில் மொத்தமே 1.28 யூனிட்தான், இந்த மெஷின் ஒன்றே இடைவிடாமல் ஓடினால் ஆறு மணி நேரம் தாங்கினாலே அதிகம்.

கூரை ஃபேனைப் பற்றியும் இரண்டு வரி. உள்ளே இருக்கிற காற்றைவிட வெளிக்காற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் ஃபேன் ஈரத்தைக் குறைக்கும். சமைக்கும்போதும் குளித்து முடித்ததும் போட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்து, வேலை முடிந்ததும் அணைத்து மூடிவிட வேண்டும். காற்றோட்டம் நல்லது என்று கடலோரத்தில் ராத்திரி முழுக்க ஓட்டினால் கடலை உள்ளே கூப்பிடுவதாகத்தான் முடியும்.

இனி மெஷினின் சில்லறைக் குறைகள். திரையில் காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம், சென்சார் உள்ளேயே சூடான பாகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது 50 என்று சொல்லும்போது கட்டில் பக்கம் 58, 60 இருக்கும். தனியாக ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கிற கருவி) வாங்கி வையுங்கள். அதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்: பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, குழைகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் இறுக்கி மூடி ஒரு ராத்திரி விட்டால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். டேங்க் நிறைந்ததும் மெஷின் நின்று, கத்த ஆரம்பிக்கும், அது எப்போதும் நடுச்சாமத்தில்தான் நிறையும். குளியல் தட்டில் மெஷினை வைத்து ஹோஸை நேராக வடிகாலில் விட்டால் அந்தத் தொல்லை இல்லை, தண்ணீர் கழிவு டேங்குக்குப் போகும். அப்புறம் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓட ஆரம்பிக்குமா? திருகு வைத்த பழைய மாதிரிகள் பெரும்பாலும் ஆரம்பிக்கும், பட்டன் மாதிரிகளில் சிலது ஆரம்பிக்காது. என்னுடையது ஆரம்பிக்காது. பூட்டிவிட்டு வெளியே போய், சாயங்காலம் வந்து பார்த்தால் காலையில் வந்த கரண்ட் கட்டோடு தூங்கிக்கொண்டிருக்கும்.

எந்த மெஷினும் தீர்க்காத ஒன்று உப்பு. கடலில் நனைந்த துண்டு பகலில் மொடமொடவென்று காய்ந்த மாதிரி இருக்கும், ராத்திரி தொட்டால் நசநசவென்று இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் சமையல் உப்பே நீர்த்துவிடும், கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் கீழேயே ஈரத்தை இழுக்கும். ஆக உப்பு ஏறிய துண்டும், உப்பு உடம்போடு உட்கார்ந்த சீட்டும் வண்டிக்குள் நாம் வைத்திருக்கிற ஈரக் கிடங்கு. நல்ல தண்ணீரில் அலசாத எதையும் உள்ளே விடாமல் இருப்பது, அரை டேங்க் அளவு வேலையை மெஷினிடமிருந்து குறைக்கும். ஈர நீச்சலுடை வெளியேதான் தொங்க வேண்டும், மெஷின் இருக்கிறதே என்று குளியலறையில் போட்டால் அந்தத் தண்ணீரையும் அதுதான் எடுக்க வேண்டும்.

மெத்தைக்கு அடியையும் இது எட்டாது. பலகைமேல் நேராகக் கிடக்கிற மெத்தையில் உடம்பின் ஈரம் கீழே இறங்கி, போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். மேலே எல்லாம் 50 காட்டும், தூக்கிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள். சட்டம் வைத்தோ, காற்று போகிற வலை விரிப்புப் போட்டோ மெத்தையை ஓர் அங்குலம் தூக்கிவைக்க வேண்டும், பகலில் ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்து மெஷினின் காற்று படுகிற மாதிரி விட்டால் இன்னும் நல்லது.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வெளி கரண்ட் இணைப்போடு வாரக்கணக்கில் கடலோரத்தில் நிறுத்துகிறவர்களும், வண்டியைக் கடலுக்குப் பக்கத்திலேயே பூட்டிவைக்கிறவர்களும் யோசிக்காமல் வாங்கலாம். சோலாரை நம்பி ஊர் ஊராக நகர்கிறவர்கள் அந்தப் பணத்தை நல்ல கூரை ஃபேனிலும் மெத்தை வலையிலும் போடலாம். வாங்கினால் கிளம்புவதற்கு முன் டேங்கைக் காலி செய்து, நிமிர்த்தியே கட்டி எடுத்துப் போங்கள். படுக்கவைத்தோ சாய்த்தோ கொண்டுபோனால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும், போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். ஃபில்டரில் உப்பும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டும், தட்டினால் போகாது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.