மண் பாதைக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே வண்டி: எக்ஸ்டி250, சிஆர்எஃப்300எல், கேஎல்எக்ஸ்230

நம்பர் பிளேட் இருக்க வேண்டும், தார் ரோட்டில் சட்டப்படி ஓட்டிப் போய் அப்படியே மண் பாதையில் இறங்க வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த டர்ட் பைக் எது என்று ரொம்ப நாள் அலசிவிட்டு நான் வாங்கியது ஒரு பழைய யமஹா எக்ஸ்டி250. கடைசி வரை போட்டியில் இருந்தவை ஹோண்டா சிஆர்எஃப்300எல், கவாஸாகி கேஎல்எக்ஸ்230. வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு. அது இன்ஜின் சக்தியோ தோற்றமோ இல்லை, பராமரிப்பு.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றுக்கும் முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச் சக்கரம், அதனால் டயருக்குப் பஞ்சம் இல்லை. மூன்றும் எலெக்ட்ரிக் ஸ்டார்ட். சிஆர்எஃப்பும் கேஎல்எக்ஸும் எஃப்ஐ, அதாவது பெட்ரோலை எலெக்ட்ரானிக் முறையில் அளந்து பீய்ச்சுபவை. எக்ஸ்டியில் மட்டும் அமெரிக்கச் சந்தையில் 2013-க்கு முந்தையவை கார்புரேட்டர் வண்டிகள். எடையில் எக்ஸ்டி சுமார் 132 கிலோ, கேஎல்எக்ஸ் அதை ஒட்டி, சிஆர்எஃப் 142 கிலோ. பத்து கிலோ காகிதத்தில் சின்னதாகத் தெரியும். சரிவில் விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கும்போதுதான் அதன் அர்த்தம் புரியும்.

சக்தி என்று பார்த்தால் சிஆர்எஃப்தான் முன்னால். 286 சிசி, தண்ணீரால் குளிரும் இன்ஜின், இரட்டை கேம் (வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டு), ஆறு கியர். எக்ஸ்டி 249 சிசி, காற்றால் குளிர்வது, ஐந்தே கியர். நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டால் எக்ஸ்டி அதிர ஆரம்பித்துவிடும், ஆறாவது கியருக்குக் கால் தானாகத் தேடும். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓடித்தான் காட்டுப் பாதையை எட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர் இதற்கு மேல் யோசிக்காமல் சிஆர்எஃப் வாங்கலாம். நான் ஓட்டும் பாதைகளில் மூன்றாவது கியருக்கு மேல் போவதே அபூர்வம். கல்லும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் உதவுவது அடி ரெவ்வில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் இழுவை. அது எக்ஸ்டியிடம் போதுமான அளவு இருக்கிறது, அதுவும் ஒரே சீராக வருகிறது, திடீரென்று பாய்வதில்லை.

சீட் உயரத்தையும் சொல்லியாக வேண்டும். சிஆர்எஃப் 880 மி.மீ., கேஎல்எக்ஸ் 885 மி.மீ., எக்ஸ்டி 810 மி.மீ. (கேஎல்எக்ஸில் எஸ் என்று ஒரு தாழ்ந்த வகை இருக்கிறது, அது 830.) டர்ட் பைக் என்றால் உயரமாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆறடி உயரம் இருப்பவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு, வழுக்குப் பாறையில் வண்டி நின்றுபோய் ஒரு பக்கம் சாயும்போது பாதம் தரையில் முழுசாகப் பதிகிறதா, விரல் நுனி மட்டும் தொடுகிறதா என்பதில்தான் விழுவதும் விழாததும் இருக்கிறது. இந்த எக்ஸ்டி ஜப்பானில் செரோ என்ற பெயரில் ஓடியது. 1985-ல் வந்த முதல் செரோவிலிருந்தே யமஹாவின் எண்ணம் இரண்டு சக்கரம், இரண்டு கால் என்பதுதான். கடினமான இடத்தில் இரு பக்கமும் காலை ஊன்றித் தள்ளிக்கொண்டு மெதுவாக ஏறிவிட வேண்டும், வேகத்தால் பாய வேண்டியதில்லை. வண்டியில் உட்கார்ந்து ஒரு குறுகின ஏற்றத்தில் ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பார்த்தால் அந்த எண்ணம் புரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். மண் பாதைக்கு என்று ஒரு வண்டி வாங்கினால் அதை வாங்கும் செலவு ஒரே தடவைதான். அதைச் சரியாக வைத்திருக்கும் செலவும் நேரமும் வண்டி இருக்கும் வரை. தூசி, தண்ணீர், விழுவது, செயினில் மணல் என்று எல்லாமே சாதாரண ரோட்டு வண்டிக்கு நடப்பதைவிடப் பல மடங்கு. எனவே எந்த வண்டியை வீட்டு வாசலில் வைத்து, சாதாரண ஸ்பானர் செட்டோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்து முடிக்க முடியும் என்பதைத்தான் நான் முதல் கேள்வியாக வைத்தேன்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் எதிர்க்கோடியில் இருக்கும் வண்டிகளைப் பார்க்க வேண்டும். கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப் மாதிரியான பந்தய எண்டூரோக்களும் (நீண்ட காட்டுப் பாதைப் பந்தயத்துக்கான வண்டிகள்) பல நாடுகளில் நம்பர் பிளேட்டோடு கிடைக்கின்றன. இந்த மூன்றையும்விட எடை ரொம்பக் குறைவு, சஸ்பென்ஷன் அபாரம். செகண்ட் ஹேண்டில் ஒன்று கைக்கு எட்டும் விலையில் வந்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதன் ஆயில் மாற்றும் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, 15 மணி நேரத்துக்கு ஒரு முறை. காட்டுப் பாதையில் சராசரியாக மணிக்கு 30 கி.மீ. என்று வைத்தால் 450 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில். பிஸ்டனுக்கும் மணிக்கணக்கு உண்டு. பந்தயத்துக்குக் கட்டிய இன்ஜினுக்கு அது நியாயம்தான். ஆனால் அதே வண்டியில் வேலைக்கும் போய் வந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆயில் தட்டோடு உட்கார வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முந்தைய ஆள் அந்தக் கணக்கை மதித்தாரா என்பதே பெரிய கேள்வி.

இதற்கு நேர் எதிராக சிஆர்எஃப்300எல்லில் ஹோண்டா சொல்லும் ஆயில் இடைவெளி 12,000 கி.மீ. தண்ணீர், சேறு என்று ஓட்டுகிறவர் அவ்வளவு நாள் விடமாட்டார், விடவும் கூடாது. என்றாலும் இன்ஜின் எவ்வளவு நிதானமாகக் கட்டப்பட்டது என்பதை அந்த எண் காட்டுகிறது. எக்ஸ்டிக்கு அந்தக் கணக்கு சுமார் 5,000 கி.மீ., நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுகிறேன். இந்த இடத்தில் ஹோண்டாதான் ஜெயித்தது என்று தோன்றும். ஆயிலோடு விஷயம் முடிந்தால் அப்படித்தான்.

வால்வுக்கு வாருங்கள், இன்ஜினுக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் கதவுகள் அவை, அவற்றின் இடைவெளியை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டும். எக்ஸ்டியின் இரண்டு வால்வுக்கும் திருகாணியும் லாக் நட்டும் வைத்த பழைய பாணி டேப்பெட். சீட்டையும் டாங்கையும் கழற்றி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, இடைவெளி மாறியிருந்தால் லாக் நட்டைத் தளர்த்தித் திருகாணியைக் கொஞ்சம் அசைத்து மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. புதுப் பாகம் எதுவும் வேண்டாம், கடைக்குப் போய்க் காத்திருக்கவும் வேண்டாம். சிஆர்எஃப்பில் நான்கு வால்வு, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வில்லை) வைத்த அமைப்பு. வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்மைத் தள்ளிவிட்டு ஷிம்மை எடுக்க முடியும், கேமைக் கழற்ற வேண்டியதில்லை என்பது ஹோண்டா செய்த நல்ல காரியம். ஆனாலும் சரியான தடிமனில் ஷிம் கையில் இருந்தால்தான் வேலை நடக்கும், இல்லையென்றால் வண்டி திறந்தபடி காத்திருக்கும். சுசுகி டிஆர்-இசட்400எஸ்ஸில் இன்னும் ஒரு படி மேலே, ஷிம்மை மாற்றக் கேமையே கழற்ற வேண்டும். உறுதியான வண்டி, 2000-லிருந்து பேர் வாங்கியது, ஆனால் 935 மி.மீ. சீட்டும் அந்த வால்வு வேலையும் சேர்ந்து என் பட்டியலில் சீக்கிரமே விழுந்துவிட்டது.

அடுத்து, விழுந்தால் என்ன உடையும்? மண் பாதையில் ஓட்டும் யாருடைய வண்டியும் விழும். காற்றால் குளிரும் இன்ஜினில் ரேடியேட்டர் இல்லை, ஓஸ் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை, விசிறி இல்லை. சிஆர்எஃப்பில் ரேடியேட்டர் இடப்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் கல்லில் சாய்ந்து மெல்லிய தகடுகளான ஃபின்கள் நசுங்கினால் பரவாயில்லை, குழாய் ஓட்டையானால் அன்றைய சவாரி அங்கேயே முடிந்தது, ஊர் திரும்ப வேறு வண்டி வேண்டும். அதனால் சிஆர்எஃப் வாங்குபவர் ரேடியேட்டர் கார்டை முதல் செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். எக்ஸ்டி விழுந்தால் பெரும்பாலும் வளைவது கிளட்ச் லிவர், உடைவது இண்டிகேட்டர், கீறுவது பிளாஸ்டிக். பையில் ஒரு லிவரும் ஒரு கேபிளும் இருந்தால் வீடு வந்து சேரலாம். உலோகச் சட்டம் உள்ள ஹேண்ட் கார்டும், இன்ஜினுக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடும் போட்டுவிட்டால் இதுவும் குறையும்.

காற்றால் குளிர்வதில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கடும் வெயிலில் நடை வேகத்தில் நீண்ட ஏற்றம் ஏறினால் இன்ஜின் சூடாகும். தண்ணீரால் குளிரும் சிஆர்எஃப் அந்த இடத்தில் விசிறியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நிற்கும். நான் அப்படிப்பட்ட ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி ஆறவைத்து ஏறுகிறேன், ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதற்கும் இதுதான் காரணம்.

சஸ்பென்ஷனில் எக்ஸ்டி பின்தங்கியதுதான். முன்னால் 225 மி.மீ., பின்னால் 180 மி.மீ. அசைவு. சிஆர்எஃப்பில் இரண்டு பக்கமும் 260. ஆனால் சிஆர்எஃப்பின் ஸ்பிரிங்கும் மென்மையானவை, கொஞ்சம் கனமான ஆள் வேகமாக ஓட்டினால் அடிவரை போய்த் தட்டும். நிறையப் பேர் வாங்கிய கையோடு ஸ்பிரிங் மாற்றுகிறார்கள். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். குதித்துப் பறப்பதுதான் ஆசை என்றால் இந்த மூன்றில் எதுவுமே சரி வராது.

கேஎல்எக்ஸ்230 பற்றி என்னால் குறைவாகத்தான் பேச முடியும், நண்பர் ஒருவருடையதை அரைநாள் ஓட்டியதுதான். 233 சிசி, காற்றால் குளிர்வது, ஆறு கியர். எக்ஸ்டியின் எளிமையும் அதைவிட நல்ல கியர் அமைப்பும் ஒன்றாகக் கிடைக்கிற மாதிரி இருந்தது. நின்றபடி ஓட்டும்போது எக்ஸ்டியைவிட இயல்பாக இருந்ததும் உண்மை. புதிதாகத்தான் வாங்குவேன் என்பவருக்கு என் பரிந்துரை இதுதான். எனக்குத் தடையாக இருந்தது சீட் உயரமும், பின் சட்டம் முதன்மைச் சட்டத்தோடு வெல்டாகியிருப்பதும். பலமாக விழுந்து பின்பக்கம் வளைந்தால் கழற்றி மாற்ற வழியில்லை. டாங்கும் ஏழரை லிட்டருக்குள்தான். எக்ஸ்டியில் பத்துக்குச் சற்றுக் குறைவு.

உயரமே பயம் என்பவர்கள் யமஹா டிடபிள்யூ200-ஐயும் பார்க்கலாம். 1987-லிருந்து கிட்டத்தட்ட மாறாமல் வரும் வண்டி, தடித்த டயரால் மணலில் தடுமாறாமல் போகும். பின் சக்கரம் 14 இன்ச் என்பதால் டயர் தேர்வு ரொம்பச் சுருங்கிவிடும், சஸ்பென்ஷன் அசைவும் எக்ஸ்டியைவிடக் குறைவு. மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அருமை, கல் நிறைந்த பாதைக்கு வேண்டாம்.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்றால், சிஆர்எஃப்புக்குத்தான் ஆள் சீக்கிரம் வருவார்கள். எக்ஸ்டி ஏற்கெனவே விலை இறங்கிய நிலையில் கைக்கு வருவதால் அதற்கு மேல் பெரிதாக இறங்குவதில்லை, அதோடு அதைத் தேடி வருபவர் பெரும்பாலும் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வருகிறார்.

செகண்ட் ஹேண்ட் எக்ஸ்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: ஏர் ஃபில்டர் மூடியை முதலில் கழற்றச் சொல்லுங்கள். ஃபோம் காய்ந்து பொடியாகி, உள்ளே குழாயில் தூசி படிந்திருந்தால் இன்ஜின் அந்தத் தூசியைக் குடித்திருக்கிறது, விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பேரிங்கில் லூஸ் இருந்தால் அங்கே தெரியும். வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். கடைசியாக ஆவணம். லைட்டும் இண்டிகேட்டரும் பிறகு மாட்டிய, முதலில் ரோட்டுக்கு இல்லாமல் விற்கப்பட்ட வண்டிகளும் சந்தையில் சுற்றுகின்றன. கேஎல்எக்ஸ்230ஆர் அப்படி ரோட்டு அனுமதி இல்லாத வகைதான், பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றும் ஒத்துப்போகிறதா, அதில் சாலைப் பயன்பாட்டுக்கு என்று இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.