பதினொன்றிலிருந்து நான்கு வரை: திருகோணமலை வீட்டுக்கு ஒரு கரம் போட்டும் இரண்டு கட்டு சீட்டும்

திருகோணமலையில் காலையும் மாலையும் காசு கேட்பதில்லை. கோணேசர் கோயிலுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. கோட்டைக்குள் மான்கள் தம்பாட்டில் நிற்கின்றன. பொழுது சாய டச்சுக்குடாக் கரையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு சுருள் கச்சானோடு செலவு முடிந்தது. நீண்ட வார இறுதிக்கு வந்திறங்கிய பதினாறு பேரின் பணம் கரைவது நடுவிலுள்ள ஐந்து மணி நேரத்தில்தான். பதினொரு மணிக்குப் பிறகு மணலில் கால் வைக்க முடியாது. வைகாசி, ஆனியில் கச்சான் வீசினால் (கொறிக்கிற கச்சான் அல்ல, காற்று) நிழலும் சுடும். பிள்ளைகள் சிணுங்கத் தொடங்க, "வேன் பிடிப்பம், புறாமலைக்குப் போவம்" என்று ஒரு சித்தப்பா எழும்புவார். அங்கே ஆளுக்கு அனுமதிச்சீட்டு, படகுக்கு வேறு காசு. நாலு பேருக்கு அது நல்ல பயணம். பதினாறு பேருக்கு மலிவு என்று சொல்ல முடியாது.

அந்த ஐந்து மணி நேரத்துக்குக் கொடுத்த காசுக்குப் பெறுமதியான சாமான் இரண்டு: முழு அளவுக் கரம் போட் ஒன்று, சீட்டுக்கட்டு இரண்டு.

முதலில் கரம் போட். பிள்ளைகளுக்கென்று விற்கும் சின்னப் போட்டை வாங்கவே வேண்டாம். அதன் அடிப்பலகை மெல்லிய ஹார்ட்போட். அடிக்கிற வேகத்தைப் பலகையே வாங்கிக்கொள்வதால் காய் பாதி வழியில் நின்றுவிடும். சட்டமும் லேசானது, பட்ட ஸ்ட்ரைக்கர் (விரலால் சுண்டுகிற பெரிய காய்) திரும்பி வராது. பெரியவர்கள் ஒரு ஆட்டத்தோடு எழும்பிவிடுவார்கள். அவர்கள் எழும்பினால் சின்னனுகளும் எழும்பும், போட் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும்.

முழு அளவு என்றால் ஆடுதளம் 74 சென்ரிமீற்றர், ஏறக்குறைய 29 அங்குலச் சதுரம். பிளைவூட் 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. போட்டி விதியில் குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர், ஸ்ட்ரைக்கர் கூடியது 4.13 சென்ரிமீற்றரும் 15 கிராமும். கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் ஒரு நாள் வேன் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேன் மறுநாள் இருக்காது.

கடையில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வராதீர்கள். "அண்ணன், பிரிச்சுக் காட்டுங்க" என்று சொல்லி மேசையில் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள்: "டக்" என்று இறுக்கமாகக் கேட்டால் நல்லது, பறை போல அதிர்ந்தால் பலகை மெல்லிசு. பிறகு ஒரு நூலை மூலைக்கு மூலை ஆடுதளத்தோடு ஒட்டி இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் பலகை தொய்ந்துவிட்டது. எல்லாக் காயும் நடுவுக்கே உருளும். அந்தத் தொய்வை வீட்டில் நிமிர்த்த முடியாது. கடைசியாகக் காய்கள். ஒன்பது கறுப்பை ஒரு தூணாகவும் ஒன்பது வெள்ளையை இன்னொரு தூணாகவும் அடுக்கிப் பக்கத்தில் வையுங்கள். உயரம் ஒத்துப்போக வேண்டும். ஒரு தூண் குட்டையென்றால் அந்த நிறக் காய் மெலிசு, அடிபட்டதும் கண்டபடி ஓடும், பின்னேரம் முழுக்கச் சண்டை. போட்டோடு வரும் ஸ்ட்ரைக்கர் பெரும்பாலும் பாரம் காணாது. பாரமான ஒன்றைத் தனியாக வாங்குங்கள். போட்டை விட அதுதான் ஆட்டத்தை மாற்றும்.

இந்த ஊரில் போட் கெடுவதற்குக் காரணம் கடல் ஈரம். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மாரியோடு வளைந்துவிடும். கட்டிலுக்குக் கீழே நாலு செங்கல் வைத்து அதன்மேல் தட்டையாகக் கிடத்துங்கள். ஈரத் துணி போடவே கூடாது. காய்ந்த பருத்தித் துணி போதும். பவுடரைக் கைப்பிடியாகக் கொட்டுவது அடுத்த பிழை. ஒரு தேக்கரண்டி போரிக் பவுடரை மெல்லிய துணியில் கட்டி மேலே தட்டிவிட்டால் முழுப் பலகைக்கும் காணும். முகத்துக்குப் பூசும் பவுடர் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். போரிக் பவுடர் வாய்க்குள் போனால் நஞ்சு. தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள், ஆடியவர்கள் கை கழுவாமல் சாப்பிடக் குந்தக்கூடாது.

விறாந்தையில் ஆடுவதானால் வெயில் விழாத பக்கம் பாருங்கள். பொலிஷ் மினுங்கினால் கோடு தெரியாது. போட்டை வைத்ததும் நடுவில் ஒரு கண்ணாடி மாபிளை விடுங்கள். அது உருளும் பக்கத்து மூலைக்கடியில் மடித்த சீட்டுப்பெட்டி மட்டையைச் செருகினால் சரி. சிவப்புக்குப் புள்ளி எத்தனை என்பதை முதல் அடிக்கு முன்னமே பேசி முடியுங்கள். போட்டி விதியில் 3, பல வீடுகளில் 5. கொழும்பு மச்சானும் திருகோணமலை மச்சானும் வேறு வேறு வீட்டு விதியோடு வருவார்கள்.

ஆனால் கரம் போட் மட்டும் பதினாறு பேருக்குக் காணாது. ஒரு ஆட்டம் கால் மணி நேரம் என்று வையுங்கள். எட்டுச் சோடி, வென்ற சோடி இருக்கும், தோற்றது எழும்பும் என்றால், வரிசையில் கடைசிச் சோடிக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. அதற்குத்தான் சீட்டு.

304 என்ற சீட்டாட்டம் நாலு பேருக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறுகளையும் சேர்த்து 36 சீட்டாக்கினால் ஆறு பேர் ஆடலாம்: ஆளுக்கு ஆறு சீட்டு, மூவருக்கு மூவர், எதிராளிகள் ஒருவர் விட்டு ஒருவர். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டு, ஏழு, ஆறுக்குப் புள்ளியில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. கரத்தில் நாலு, சீட்டில் ஆறு, ஆகப் பத்துப் பேர் இருந்த இடத்தில். மிச்சம் ஆறில் இருவர் குசினியில், அம்மம்மா சாய்கதிரையில்.

மலிவுக் கடதாசிச் சீட்டு இந்த வியர்வைக்கு ஒரு நாள்தான் தாங்கும். ஓரம் சுருண்டதும் முதுகைப் பார்த்தே ஜாக்கைச் சொல்லிவிடுவார்கள். பிளாஸ்ரிக் பூசியது வாங்குங்கள். இரண்டு கட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும், தொலைந்த சீட்டுக்கு மாற்று அதிலிருந்தே எடுக்கலாம். ஒரு கட்டுத்தான் இருந்தால், ஆட்டத்தில் பாவிக்காத "2" சீட்டில் பேனையால் "9" என்று எழுதி ஒப்பேற்றலாம். ஆனால் அதன் முதுகு மட்டும் புதிதாக இருக்கும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சாப்பாடு: இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி, ஆக எட்டுச் சுண்டு. வடையும் மிக்சரும் ஆட்டம் முடிந்த பிறகு. எண்ணெய் விரல் பட்டால் பவுடர் கறுப்புத் திட்டாக உறையும், காய் அந்த இடத்தில் நிற்கும். கச்சானும் கோதுடன் வேண்டாம்.

வெளியே போவதைச் சுருக்கமாகச் சொன்னால்: கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடிய வெள்ளென. ஏழு கிணறும் ஆழமில்லாதவை, போயா விடுமுறையில் சனம் கூடினால் நீர் கலங்கிவிடும். கோணேசர் கோயிலுக்கு வெயில் ஏற முன், அல்லது நாலரைக்குப் பிறகு. செருப்பில்லாமல் நடக்கிற தரை அப்போதுதான் ஆறியிருக்கும். நிலாவெளிக் கடல் சித்திரையிலிருந்து ஆவணி வரை பிள்ளைகளுக்குத் தோதானது. கார்த்திகை, மார்கழியில் இறக்க வேண்டாம். அந்த மாதங்களின் மழை நாட்களில் போட் காலையிலேயே கீழே இறங்கும்.

வேன் புறப்படும் முன் 19 காய்களையும் எண்ணுங்கள். குறைகிற காய் பெரும்பாலும் சுருட்டிய பாய்க்குள் இருக்கும்.