தரையில் ஐந்து கோடா, மிச்சக் காட்ஸா, ஃபோனா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். வாசிக்கச் சொன்னால் ஓடி வருவார்கள். இசையை எழுதி வாசிக்கும் இலக்கணமான தியரிக் கொப்பியை எடு என்றால் ஒருவருக்குத் தண்ணி விடாய்க்கும், மற்றவருக்கு வயிறு நோகும். ஆனால் தியரியைத் தள்ளிப்போடவும் முடியாது. ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் பரீட்சைச் சபையில் ஆறாம் தர வாசிப்புப் பரீட்சைக்குப் போக, ஐந்தாம் தரத் தியரியோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறொன்றோ கையில் இருக்கவேண்டும். டிரினிட்டி என்ற மற்றச் சபையில் அந்தக் கட்டாயம் இல்லை. அதற்காக நோட்ஸ் வாசிக்கத் தெரியாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

அதனால்தான் விளையாட்டு. இது ஒன்றும் புதுமோடி இல்லை. எடின்பரோவில் ஆன் யங் என்ற பெண்மணி 1801இலேயே, பலகையும் காய்களும் தாயக்கட்டையும் கொண்ட இசை இலக்கணப் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். என் முன்னறையில் போட்டி மூன்றுக்கிடையில்: இசை எழுதும் ஐந்து கோட்டைத் தரையில் ஒட்டுவது, காட்ஸ், ஃபோன் செயலி. பிள்ளை சிரிக்கிறதா என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை, மூன்றிலும் சிரிக்கும். விளையாட்டு முடிந்து பியானோவுக்கு முன் உட்கார்ந்தால் விரல் சரியான கட்டைக்குப் போகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன்.

முதலில் தரை. மாஸ்கிங் டேப்பால் ஐந்து நீளக் கோடு, ஓரத்தில் மட்டையில் வெட்டிய ட்ரெபிள் கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்த நோட் என்று காட்டும் மேல் ஒலிக் குறி. நான் "ஜி" என்று ஒரு நோட்டின் பெயரைச் சொன்னால் பிள்ளை குதித்து அந்தக் கோட்டில் நிற்கவேண்டும். முதல் தடவை டைல்ஸ் இணைப்புகளைக் கவனிக்காமல் ஒட்டிவிட்டேன். ஒரு பிள்ளை இணைப்பில் போய் நின்றுகொண்டு, "ரீச்சர், இது ஆறாவது கோடு" என்றது. அதன்பிறகு இணைப்புக்கு மேலேயே டேப் ஒட்டுகிறேன்.

இதன் பெரிய லாபம் நான் எதிர்பாராத இடத்தில் வந்தது. பள்ளிக்கூடக் கொப்பியில் எழுத்து கோட்டுக்கு மேலே உட்காரும். இசையில் "கோட்டில் உள்ள நோட்" என்றால் கோடு அதன் நடுவால் ஊடறுத்துப் போகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெருங்குழப்பம். கோட்டுக்கு மேலே முட்டை மாதிரி நோட்டை அடுக்கி வைத்துவிட்டு, கோட்டில்தானே இருக்கிறது என்று வாதாடும். தரையில் கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கால் வைத்தால் கோட்டு நோட், இரண்டு காலையும் சேர்த்து இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் இடைவெளி நோட். கொப்பியில் மாதக்கணக்கில் புரியாதது இங்கே ஒரு பின்னேரத்தில் புரிந்துவிடுகிறது. கிளெஃப் மட்டையை மாற்றினால் அதே கோடுகள் கீழ் ஒலிக்கான பேஸ் ஆகிவிடும். அடிக்கோடு ஈ என்று குதித்த பிள்ளை, இப்போது அது ஜி என்றதும் திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பு நல்லது. குறை என்றால், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் குதிக்கலாம். தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரர் பொறுமைசாலியாகவும் இருக்கவேண்டும்.

காட்ஸ் எங்கள் வீட்டில் வேறு விதமாக வந்தது. நாலு பேர் 304 விளையாட 32 சீட்டுப் போதும், மிச்சம் 20 மேசை லாச்சியில் சும்மா கிடக்கும். பேஸின் அடிக்கோட்டிலிருந்து ட்ரெபிளின் மேல்கோடு வரை எண்ணினால் 21 நோட். சீட்டுக்கு ஒரு நோட் என்று ஒட்டினால் ஒன்று குறைந்தது. ஜோக்கர் மிடில் சி, அதாவது பியானோவின் நடுவிலுள்ள சி, ஆனது. பிள்ளைகளுக்கு இன்றைக்கும் மிடில் சி என்றால் ஜோக்கர்தான்.

முதலில் கவிழ்த்து வைத்துச் சோடி சேர்க்கும் ஆட்டம் வைத்தேன்: நோட் சீட்டு ஒன்று, எழுத்துச் சீட்டு ஒன்று. நன்றாகப் போகிறதென்று நினைத்தேன். கவனித்தால், வெல்லுகிற பிள்ளை நோட்டை வாசிக்கவே இல்லை. எந்தச் சீட்டு எந்த மூலையில் கிடந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது. ஞாபகசக்தி வளரலாம், தியரி வளராது. இப்போது சட்டம் வேறு: மேலே உள்ள சீட்டைத் திருப்பு, பியானோவில் அந்தக் கட்டையை அழுத்து, சரியென்றால் சீட்டு உனக்கு. 88 கட்டையில் சரியான ஒன்றைத்தான் அழுத்தவேண்டும், மேலேயோ கீழேயோ உள்ள வேறொரு சி எடுபடாது. மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றாலும் யாரும் சலிப்பதில்லை.

ஃபோன் செயலியின் பலம் வேகம். சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும், தாய்க்குத் தியரி தெரியாவிட்டாலும் வீட்டில் பயிற்சி நடக்கும். ஆனால் திரையில் எழுத்தைத் தட்டுகிற வகையில் அபார வேகம் காட்டிய பிள்ளைகள் பலர், பியானோ முன் வந்தால் தடவுகிறார்கள். பெயர் வாயில் இருக்கிறது, விரலில் இல்லை. வாசிப்பதை மைக்கால் கேட்டுச் சரிபார்க்கும் வகை இதைவிட மேல். அதற்கோ எங்கள் கடற்கரைப் பக்கம் ஒத்துவராது. ரயில் போனால் செயலியும் குழம்பும், பிள்ளையும் ஜன்னலுக்கு ஓடும். ஏபிஆர்எஸ்எம்மின் முதல் ஐந்து தரத் தியரி இப்போது கணினியில் விடை தெரிவுசெய்யும் பரீட்சை, 75க்கு 50 எடுத்தால் சித்தி. அதற்கு முந்திய மாதம் செயலிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

தாளத்தில் மூன்றுமே தோற்றன. அங்கே வென்றது வாய்தான்: "பாண் பாண் கொத்து பாண்." பாண் ஒரு குரோச்செட் (ஒரு அடி), கொத்து இரண்டு குவேவர் (ஒவ்வொன்றும் அரை அடி), இழுத்துச் சொல்லும் "டீ…" மினிம் (இரண்டு அடி). குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு, குவேவரும் குரோச்செட்டும் தெரிந்த கணக்குத்தான். கர்நாடக சங்கீத வகுப்புக்கும் போகிறவர்கள் ஆதி தாளத்தின் எட்டையும் விரலில் போட்டபடியே வருவார்கள். ஆனால் ச எந்தச் சுருதியிலும் வரும், சி மட்டும் நகராது என்பதை அவர்களுக்கு இரண்டு வாரமாவது திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

இப்போது என் ஒழுங்கு இதுதான்: முதல் இரண்டு மாதம் தரை, அதன்பின் கிழமைதோறும் காட்ஸ், வீட்டில் வேண்டுமானால் பத்து நிமிடம் செயலி. புதிதாகச் சேர்க்க வரும் தாய்மார், "மிஸ், எந்த ஆப் வாங்கவேணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு சுருள் மாஸ்கிங் டேப் என்பேன். அப்புறம், வீட்டில் யாராவது 304 விளையாடுவார்களா என்று கேட்பேன்.