850 ரூபாய் அறிவியல் பெட்டி: மோட்டாருக்காகவே வாங்கலாம், ஆனால்…

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும் அறிவியல் பெட்டி ஒன்றை மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பொம்மைக் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை என்று அட்டையில் போட்டிருக்கிறது. உள்ளே பத்துச் செய்முறைகள். கம்பெனி பெயரை எழுதவில்லை. கிட்டத்தட்ட இதே சாமான்களோடு வேறு வேறு பெயரில் நாலைந்து பெட்டிகள் அதே அலமாரியில் இருந்தன.

சிம்மக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மகள் நாலாம் வகுப்பு, தங்கச்சி மகன் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் செய்தார்கள். என் தொழில் என்பதால் மோட்டாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு வட்டக் காந்தம், ஒரு காயில் (கம்பிச் சுருள்). பேட்டரியின் இரு முனையிலும் ஊக்கை நிறுத்தி ரப்பர் பேண்டால் இறுக்கி, ஊக்கின் துளைகளில் காயிலின் நுனிகளை மாட்டி, அடியில் காந்தத்தை வைத்து, விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டும். காயில் விறுவிறுவென்று சுற்றியது, பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். ஆனால் அந்தக் காயிலைச் சுற்றி, நுனியையும் சுரண்டித் தயாராகக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை. இந்த மோட்டாரில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அந்த நுனியில்தான் இருக்கிறது.

காப்பர் கம்பி மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டினால்தான் கரண்ட் போகும். ஒரு நுனியைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும், இன்னொரு நுனியில் ஒரு பாதியை மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டால், காந்தம் காயிலை அரைச் சுற்றுக்கு ஒரு பக்கம் தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் தள்ளும். காயில் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டு நிற்கும். பாதிப் பூச்சை விட்டுவைத்தால் அந்த எதிர்த்தள்ளு வரும் நேரத்தில் கரண்ட் அறுந்துவிடும். ஏற்கெனவே கிடைத்த வேகத்தில் காயில் தாண்டி வந்துவிடும்.

கடையிலிருந்து கொஞ்சம் கம்பியும் உப்புத்தாளும் கொண்டுவந்து கொடுத்தேன். மகள் பேட்டரி மேலேயே கம்பியைச் சுற்றிக் காயில் ஆக்கினாள். இரண்டு நுனியையும் முழுக்கத் தேய்த்தாள். ஆடியதே தவிர சுற்றவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சின்னவன்தான் பெட்டியில் வந்த காயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “அக்கா, இதுல ஒரு பக்கம் பாதிதான் மினுங்குது” என்றான். “ஏன்ப்பா பாதி?” என்று அவள் என்னைத் திரும்பிக் கேட்டபோதுதான் விளக்கம் சொன்னேன். மறுநாள் கடையில் எரிந்துபோன மிக்ஸி ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) ஒன்றைக் காட்டினேன். சுழலும் காயிலுக்குக் கரண்ட் வாங்கித் தரும் கம்யூட்டேட்டரில் செம்புத் தகடுகள் தனித்தனியாக இருப்பதையும், அவற்றின் மேல் கார்பன் பிரஷ் உரசி நிற்பதையும் தானே விரல் வைத்துப் பார்த்தாள். மிக்ஸியில் கரண்டின் திசையே மாறும், நம் ஊக்கு மோட்டாரில் விட்டுவிட்டு வரும், அதுதான் வித்தியாசம் என்றேன். பிடித்துக்கொண்டாள்.

ஒரு எச்சரிக்கை: காயில் சுற்றாமல் நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். கம்பியில் தடை மிகக் குறைவு, பேட்டரி சூடாகிவிடும்.

அடுத்து நன்றாக இருந்தது சிரிஞ்சு லிஃப்ட். 5 மில்லி சிரிஞ்சு ஒன்று, 10 மில்லி ஒன்று, நடுவில் தண்ணீர் நிரப்பிய டியூப். சின்னதை முழுக்க அழுத்தினாலும் பெரியது பாதிதான் ஏறுகிறது, ஆனால் மேலே வைத்த கணக்குப் புத்தகக் கட்டைச் சிரமமில்லாமல் தூக்குகிறது. டியூபில் காற்று இருந்தால் சரியாகத் தூக்காது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். தெருவில் ஜேசிபி வந்தால் இப்போது அதன் கையிலுள்ள சிலிண்டரைத்தான் பார்க்கிறார்கள்.

ஐஸ் குச்சிப் பாலம் பரவாயில்லை. எரிமலை, சமையல் சோடாவும் வினிகரும்தான், அதற்குப் பெட்டி எதற்கு?

எல்இடி வாழ்த்து அட்டைதான் மோசம். வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். பெட்டியில் இருப்பதோ 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று மாட்டும் இடம் மட்டும். எப்படி எரியும்? மகள் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பிரித்து ஒட்டினாள். கண் கலங்கிவிட்டது. இன்னொரு பேட்டரியைச் சேர்த்துத் தொடராக இணைத்ததும் எரிந்தது. ஒரு பிள்ளைக்கு அறிவியல் தனக்கு வராது என்று தோன்ற இப்படி ஒரு அட்டை போதும். விற்பதற்கு முன் ஒருவராவது செய்து பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொரு செய்முறையில் பட்டன் பேட்டரி இருக்கிறது, திருகு போட்ட மூடி இல்லை. அதைச் சின்னப் பிள்ளை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பெட்டியைப் பிரித்ததுமே அதை எடுத்து மறைத்துவிடுங்கள்.

கூட வந்த தாளில் எதை எங்கே ஒட்டுவது என்று மட்டும் இருக்கிறது. ஏன் என்று ஒரு வரி இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் செய்முறைத் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைதான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் நாம்தான் உட்கார வேண்டியிருக்கிறது. துணைக்கு அரவிந்த் குப்தாவின் பொம்மை வீடியோக்கள் இருக்கின்றன, தமிழிலும் கிடைக்கின்றன. தூக்கிப் போடும் சாமான்களை வைத்தே செய்து காட்டுவார், இந்த ஊக்கு மோட்டார் உட்பட.

850 ரூபாய் கையைக் கடிக்கும் என்றால் பெட்டி வேண்டாம். மருந்துக் கடையில் இரண்டு சிரிஞ்சு, பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம், ஊக்கு, பேட்டரி இருந்தால் மேலே சொன்ன இரண்டு நல்ல செய்முறையும் ஆகிவிடும். கம்பி வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள எந்த ரீவைண்டிங் கடைக்கும் போங்கள், வெட்டிய மிச்சம் எப்போதும் கிடக்கும், சும்மாவே கொடுப்பார்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.