டொல்பினுக்கு எந்த எயார் பில்டர்? எங்கடை புழுதியிலை நான் போட்டுப் பாத்தது

என்ரை வான் டொல்பின் எண்டு சொல்லுற ரொயோட்டா ஹைஏஸ், மொடல் எல்எச் 113, 3எல் எண்டு பேர் உள்ள டீசல் எஞ்சின். 2020இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டின நேரம் மாத்துற யோசினையை விட்டனான், பிறகு திறந்து விட்டும் அந்த விலைக்கு ஆர் மாத்துறது, அப்ப உள்ளதை வடிவா வைச்சிருப்பம் எண்டு எயார் பில்டரிலை கை வைச்சன். ஓட்டம் மல்லாவி, கிளிநொச்சி, இடைக்கிடை ஒட்டுசுட்டான் பக்கம் கலியாண ஹயர். ஏ9 பெருந்தெருவிலை மட்டும் ஓடுறவைக்கு இந்தக் கதை விளங்காது. உள்றோட்டு கிறவல், சோளகக் காத்து எழும்பினா முன்னுக்குப் போற ரிப்பர் தெரியாது, புழுதிதான் தெரியும்.

பெடியள் சொன்னது கோன் பில்டர், மூடி இல்லாமல் கூம்பு மாதிரி இருக்கிறது. பில்டர் இருக்கிற பொக்ஸைக் கழட்டி எறிஞ்சிட்டு அதைக் கொழுவினா சத்தமும் வரும் இழுவையும் வருமாம். சத்தம் வரும், அது உண்மை. ஆனா டொல்பினிலை எஞ்சின் சீற்றுக்குக் கீழை, கோன் இழுக்கிறது அந்தச் சூட்டுக் காத்தைத்தான். மற்றது இந்த 2779 சிசி எஞ்சினுக்குக் காத்தை அமத்தித் தள்ளுற ரேர்போவும் இல்லை, டீசலை அளந்து விடுறது பம்ப், அது அப்பிடியே இருக்கக் காத்தை மட்டும் கூட்டினா இழுவை எங்காலை வாறது? அடைச்ச பில்டரோடை கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு திரிஞ்ச வானுக்குப் புதுசா எதைப் போட்டாலும் பிக்கப் வந்தமாதிரித்தான் இருக்கும். கோனை விட்டிட்டன்.

அடுத்தது ஒயில் பூசின கொட்டன் பில்டர், கே அண்ட் என் கொம்பனிக்காரர் பேர் எடுத்த சாதி. நான் வாங்கினது அவையின்ரை இல்லை, வேறையொண்டு, அப்பிடியும் அந்தக் காசுக்கு நல்ல கடதாசி பில்டர் ஆறு எடுக்கலாம். கழுவிக் கழுவிப் பாவிக்கலாம் எண்டதுதான் ஆசை காட்டினது. கழுவுறது லேசான வேலை இல்லை, அதுக்கெண்டு இருக்கிற கிளீனர் அடிச்சு, மெதுவாத் தண்ணி விட்டு, நிழலிலை தானாக் காயவிட்டு, பிறகு ஒயில் அளவாப் பூசவேணும், குறைஞ்சா தூசி உள்ளை போகும். எங்கடை புழுதிக்கு அடிக்கடி கழுவவேணும், கழுவுற நாள் ஹயர் இல்லை.

மூண்டு கிழமையாலை பில்டருக்கு அங்காலை எஞ்சினுக்குப் போற ஹோஸைக் கழட்டி விரலை விட்டுப் பாத்தன். குரக்கன் மா மாதிரி நைஸ் செம்புழுதி விரலிலை ஒட்டிக்கொண்டு வருது. கராஜ் அண்ணை பாத்திட்டு, "தம்பி, நீ லைனருக்குச் சாண்ட் பேப்பர் போட்டுக்கொண்டு திரியிறாய்" எண்டார். லைனர் எண்டது பிஸ்டன் ஓடுற உருளையின்ரை உள்சுவர். கொட்டனை மட்டும் குறை சொல்லேலாது, அதின்ரை றப்பர் விளிம்பு மெல்லிசு, எங்கடை பொக்ஸிலையும் ஒரு கிளிப் உடைஞ்சு கிடந்தது, பழைய ஓனர் ரியூப் வாராலை இழுத்துக் கட்டி வைச்சிருக்கிறார், நானும் கவனிக்கேல்லை. எந்தப் பில்டர் எண்டு மாதக்கணக்கா யோசிச்ச எனக்கு அந்த வார் கண்ணிலை படேல்லை பாருங்கோ.

கிளிப்பை மாத்தி, விளிம்பு தடிச்ச நல்ல கடதாசி பில்டர் போட்டு இப்ப எட்டு மாதம். ஹோஸுக்குள்ளை வெள்ளைத் துணியை விட்டுத் துடைச்சா வெள்ளையாவே வருது. ரயர்க் கடையிலை குடுத்து வெளியாலை இருந்து காத்து அடிக்கிற பழக்கத்தை விடுங்கோ. உள்பக்கம் இருந்து வெளியாலைதான் அடிக்கவேணும், அதுவும் காத்தமுக்கம் 30 பிஎஸ்ஐக்கு மேலை வேண்டாம். அடிச்சபிறகு உள்ளுக்கு ரோச் பிடிச்சுப் பாருங்கோ, ஊசித்துவாரம் மாதிரி எங்கையும் வெளிச்சம் வந்தா எறியவேண்டியதுதான். ஒவ்வொரு கிழமையும் அடிக்கவும் தேவையில்லை, கொஞ்சத் தூசி படிஞ்ச கடதாசி புதுசை விட நல்லா மறிக்கும்.

அப்பாவின்ரை பழைய மாசி பெர்குசன் 35 உழவு மிசினிலை ஒயில் பாத் எண்டு ஒரு கோப்பை, தூசியெல்லாம் அடியிலை சேறா இறங்கிக் கிடக்கும், ஒயிலை ஊத்தி மாத்தினாச் சரி. வானுக்கும் அப்பிடியொண்டு இருந்தா எண்டு சில நேரம் நினைக்கிறனான்.

கடதாசியிலை ஒரு குறைதான், தண்ணி. மாரியிலை குளம் நிரம்பி வழிஞ்சு றோட்டை மூடேக்கை நனைஞ்சா ஊறி அடைச்சுப்போடும், காயவைச்சுப் போட்டாலும் நம்பேலாது. அதுக்காக சீற்றுக்குப் பின்னாலை பொலித்தீன் பையிலை கட்டின புதுசு ஒண்டு எப்பவும் கிடக்கு.