16 அங்குல ஸ்க்ரோல் சா: முப்பரிமாணத் தொங்கல் அறுக்கக் கைகொடுக்குமா?

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை வளைவாக அறுக்கும் ஸ்க்ரோல் சா மெஷின்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பெயர்ப்பலகையை அறுத்துப் பார்த்ததோடு முடிந்துவிடுகின்றன. தட்டை வேலையில் அநேகமாக எல்லா மெஷினும் தேறிவிடும். ஒன்றரை அங்குல (38 மி.மீ.) சதுரக் கட்டையை இரண்டு முகங்களில் படம் ஒட்டி அறுத்து, உள்ளிருந்து ஒரு மணியையோ மானையோ பனிக்கூம்பையோ முழு உருவத் தொங்கலாக எடுக்கும் வேலையில்தான் மெஷினின் நிஜத் தரம் தெரியும். அந்த ஒரே வேலைக்கு எப்படி என்று மட்டும் இங்கே பார்க்கலாம்.

எடுத்துக்கொண்டிருப்பது பல வணிகப் பெயர்களில் கிடைக்கும் 16 அங்குல ஆரம்பநிலை வகை. வார்ப்பிரும்பு அடித்தளம், நிமிடத்துக்கு 400 முதல் 1600 அடி (பிளேடு ஒருமுறை ஏறி இறங்குவது ஓர் அடி) வரை வேகம், ஒவ்வொரு அடிக்கும் சுமார் 14 மி.மீ. ஏற்ற இறக்கம், 50 மி.மீ. கனம் வரை அறுக்கும் திறன், இடப்பக்கம் 45 டிகிரி சாயும் மேசை. ஒப்பிடுவதற்கு டிவால்ட் டிடபிள்யூ 788: 20 அங்குலம், 400 முதல் 1750 அடி, 19 மி.மீ. ஏற்ற இறக்கம், அதே 50 மி.மீ. கனம், மேசை இருபக்கமும் சாயும், எடை ஏறத்தாழ 25 கிலோ. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 16, 20 என்ற எண் பிளேடுக்கும் பின்தூணுக்கும் உள்ள இடைவெளி. தொங்கல் அறுப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை, ஏனென்றால் கட்டையின் நீளமே 10 முதல் 13 செ.மீ.தான். 20 அங்குலத்துக்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை வேறு: பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா, எவ்வளவு ஏறி இறங்குகிறது, எவ்வளவு இறுக்கம் தாங்குகிறது.

ஏன் செங்குத்து முதலில் வருகிறது? பிளேடு 1 டிகிரி சாய்ந்திருந்தால் 6 மி.மீ. பிளைவுட்டில் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.; யார் கண்ணுக்கும் படாது. 38 மி.மீ. கட்டையில் அதே 1 டிகிரி 0.66 மி.மீ. ஆகிவிடும். மானின் கால் 3 மி.மீ. தடிமன் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோணல். இரண்டாவது முகத்தை அறுக்கும்போது அந்தக் கோணலும் சேர்ந்துகொள்ளும். சதுரமாக வர வேண்டிய குறுக்குவெட்டு சாய்சதுரமாகி, உருவம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். "படம் சரியாகத்தான் ஒட்டினேன், எப்படிக் கோணியது?" என்று கேட்பவர்களில் பெரும்பாலானவர்களின் சிக்கல் இதுதான்.

இந்த வகை மெஷினில் மேசைக்கு அடியிலுள்ள கோண அளவுகோலை நம்பக்கூடாது. ஸ்டிக்கரில் 0 காட்டும்போது மேசை அரை டிகிரி தள்ளி நிற்பது சகஜம். சிறிய மூலைமட்டத்தை பிளேடின் பக்கவாட்டில் வைத்து முதல் திருத்தம் செய்யலாம். முடிவான சோதனைக்கு மரமே போதும். நான்கு பக்கமும் இழைத்த 38 மி.மீ. கட்டை ஒன்றை எடுத்து, முன்பக்கத்திலிருந்து 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு கீறல் அறுத்து மெஷினை நிறுத்துங்கள். கட்டையைப் புரட்டாமல், மேசை மேலேயே அரை வட்டம் திருப்பி, அதே கீறலை பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுவாருங்கள். பிளேடு மேலிருந்து கீழ்வரை கீறலுக்குள் வழுக்கிப் போனால் மேசை சரி. மேலே நுழைந்து கீழே இடித்தால் கோணல். இதில் தவறு இரட்டிப்பாகத் தெரியும்: 1 டிகிரி சாய்வு 2 டிகிரியாகக் காட்டும், அதனால் மூலைமட்டம் பிடிக்காததையும் இது பிடித்துவிடும். பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். இந்த வகையில் பிடிப்பான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு இடத்தில்தான் பிளேடைக் கவ்வும்.

பக்கவாட்டுச் சாய்வை மேசையைத் திருப்பிச் சரிக்கட்டலாம். முன்பின் ஆட்டம் அப்படியில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூலைமட்டத்தை பிளேடின் முன்னால் நிறுத்தி, கையால் மோட்டாரைச் சுழற்றிப் பாருங்கள். ஏறி இறங்கும்போது மட்டத்துக்கும் பிளேடுக்கும் இடையிலான இடைவெளி விரிந்து சுருங்கும். பிளேடைத் தாங்கும் மெஷினின் கைகள் பின்பக்க அச்சில் ஊசலாடும் அமைப்பில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். டிவால்ட் வகையின் இணை இணைப்பு அமைப்பில் ஊசலாடும் பாகங்கள் சிறியவை, ஆட்டமும் குறைவு. ஆட்டம் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தால், கூர்மையான மூலைகளில் திரும்பும்போது மேல்விளிம்பில் ஒரு வடிவமும் அடிவிளிம்பில் இன்னொரு வடிவமும் வரும். அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

அடுத்தது ஏற்ற இறக்கம். 38 மி.மீ. கனத்தில் 14 மி.மீ. மட்டும் ஏறி இறங்கினால், கட்டையின் நடுவிலுள்ள பற்கள் ஒருபோதும் மரத்தை விட்டு வெளியே வராது. அவை அறுத்த தூள் பற்களுக்கு இடையிலேயே அடைந்து, உரசிச் சூடேறி, கருகல் வாடை வரும். அறுத்த முகம் பழுப்பேறும். 19 மி.மீ. ஏறி இறங்கினாலும் நடுப்பற்கள் வெளிவருவதில்லை, ஆனால் தூள் ஒவ்வொரு அடியிலும் கூடுதல் தூரம் நகர்கிறது. தினமும் இதே வேலை செய்யப்போகிறவருக்கு டிவால்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கான முதல் நியாயம் இதுதான். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் மாடல் என்றால் நம் 230 வோல்ட்டை 120க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

14 மி.மீ. மெஷினை வைத்துச் சமாளிக்க பிளேடு தேர்வுதான் வழி. பெட்டியோடு வரும் பிளேடுகளை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை முனையில் ஊசி வைத்தவை. அகலமே இரண்டரை மி.மீ. அளவில் இருப்பதால் மணியின் கழுத்து வளைவில் திரும்பாது. ஊசியில்லாத 5 அங்குல பிளேடுதான் தேவை. ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கும் ஸ்கிப் டூத் வகையில் 5ஆம் எண் நல்ல தொடக்கம்: அகலம் ஏறத்தாழ 1 மி.மீ., தடிமன் 0.4 மி.மீ. விட்ட பல்லின் இடத்தில் தூள் தங்கி வெளியேறும். மரம் கெட்டியாக இருந்தால் 7ஆம் எண். ஸ்விட்சர்லாந்தின் பெகாஸ், ஜெர்மனியின் நிக்வா, அமெரிக்காவின் ஓல்சன் எல்லாம் இதே எண்முறைதான். புது பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டினால்தான் திருகுப் பிடிப்பானில் வழுக்காது. பலர் பிடிப்பான் மேல் சொல்லும் குறை உண்மையில் இந்த எண்ணெயின் வேலை.

இறுக்கம் போதாமல் இருப்பதுதான் ஆரம்பநிலை மெஷின்களின் பொதுவான பலவீனம். பிளேடை விரலால் மீட்டினால் தந்தி போலத் தெளிவாக ஒலிக்க வேண்டும். 'தொப்' என்ற சத்தம் வந்தால் இன்னும் இறுக்குங்கள். பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக்கூடாது. தளர்ந்த பிளேடு கனமான கட்டைக்குள் வில்லாக வளையும்: மேலேயும் கீழேயும் கோட்டில் இருக்கும், நடுவில் வயிறு தள்ளும். முகப்பில் கோடு பிசகாமல் அறுத்திருந்தும் உருவம் பீப்பாய் போல வந்தால் காரணம் இதுவே. நன்றாக இறுக்கியும் வயிறு தள்ளினால் நீங்கள் அழுத்தித் தள்ளுகிறீர்கள். வேகத்தை 1000க்குக் கொஞ்சம் மேலே வைத்து, பிளேடு தானே தின்று முன்னேறும் வேகத்துக்குக் கட்டையை விடுங்கள். தள்ளினால்தான் நகர்கிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். இன்னொன்று: பெரும்பாலான பிளேடுகளில் ஒரு பக்கம் பிசிர் இருக்கும், வெட்டு அந்தப் பக்கம் இழுக்கும். கட்டையை மேசை மேலேயே நான்கைந்து டிகிரி திருப்பி ஊட்டினால் நேராகப் போகும். மேசைக்கு நேராக நின்று அறுக்க முயன்று தோற்பவர்கள் மெஷினைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி அறுக்கும் முறை. படம் இரண்டு பக்கத் தோற்றங்களாக, நடுவில் ஒரு மடிப்புக் கோட்டோடு இருக்கும். அந்த மடிப்பு கட்டையின் விளிம்பில் அச்சாக உட்கார வேண்டும், அரை மி.மீ. விலகினாலும் இரண்டு தோற்றங்களும் ஒன்றோடொன்று சேராது. கட்டையின் நான்கு மூலைகளையும் அதற்கு முன்பே மூலைமட்டத்தில் பார்த்துவிடுங்கள். மர ஓட்டம் கட்டையின் நீளவாக்கில் போக வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய கழுத்து கையிலேயே முறியும். படத்தின் மேல் ஒரு சுற்று பேக்கிங் டேப் ஒட்டினால் கருகுவது குறையும். உள்ளே துளை உள்ள வடிவம் என்றால் அறுப்பதற்கு முன்பே, நிலையான டிரில் ஸ்டாண்டில் துளையுங்கள். கையில் பிடிக்கும் டிரில் 38 மி.மீ. ஆழத்துக்கு நேராக இறங்காது.

முதல் முகத்தில் ஒரு பக்கக் கோட்டை அடிமுனையில் நுழைந்து தலைமுனை வரை ஒரே ஓட்டமாக அறுத்து, பிறகு மறுபக்கக் கோடு. இப்போது கட்டை மூன்று துண்டு. கழிவுத் துண்டுகளைத் தூக்கிப் போட்டால் வேலை அத்தோடு முடிந்தது: இரண்டாவது முகத்தின் படம் அந்தக் கழிவின் மேல்தான் ஒட்டியிருக்கிறது! வெட்டுக்குள் உள்ள தூளை ஊதி, மூன்றையும் பழையபடி பொருத்தி, இரண்டு விரல்களால் நெருக்கி, டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். நெருக்கும்போது வெட்டின் தடிமன் அளவுக்குக் கட்டை ஒடுங்கும். அது இரண்டாவது முகத்தின் படத்தைக் கெடுக்காது. துண்டுகள் நீளவாக்கில் முன்பின் நழுவினால்தான் கெடும், அதனால் முனைகள் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு டேப் ஒட்டுங்கள். பிறகு கட்டையை 90 டிகிரி புரட்டி இரண்டாவது முகம். இந்தச் சுற்றில் பிளேடு பழைய வெட்டுகளைக் கடக்கும்போது சத்தம் மாறும், திடீரென்று இலகுவாக ஓடும். அங்கே கையைத் தளர்த்தாவிட்டால் கோட்டைத் தாண்டிப் போய்விடும்.

மெஷினோடு வரும் மரம் அமுக்கும் பாதம் இவ்வளவு உயரக் கட்டைக்கு இடைஞ்சல். அதைக் கழற்றினால் பிளேடு மேலேறும்போது கட்டை துள்ளும். இதற்கு ஒரு பிடிசட்டம் செய்துகொள்வது நல்லது: 18 மி.மீ. கனத்தில் ஓர் அடி நீளமுள்ள இரண்டு ரீப்பர் துண்டுகள், இரண்டு முனையிலும் 6 மி.மீ. போல்ட்டு, பட்டர்ஃபிளை நட். நடுவில் கட்டையைக் கவ்வினால் விரல்கள் பிளேடிலிருந்து தள்ளியே இருக்கும். மேசையின் நடுத்துளையும் பெரியது. பழைய சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றில் ஊசித்துளை போட்டு பிளேடைச் சுற்றி ஒட்டிவிட்டால் மெல்லிய துண்டுகள் அதில் விழுந்து சிக்காது. தூள் ஊதும் குழாய் பெயரளவுக்கு ஊதுகிறது. விளக்கு பரவாயில்லை. மெஷினைப் பட்டறை மேசையோடு போல்ட்டுப் போட்டு இறுக்கினால் அதிர்வு நன்றாகக் குறையும்.

மரத்தைப் பொறுத்தவரை, சென்னபட்டணா பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்: வெண்மை, நெருக்கமான நார், வளைவுகளில் பிய்யாது. குமிழும் நன்றாக வரும். தேக்கில் மணற்சத்து இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். பேக்கிங் பெட்டி பைன் மலிவு, ஆனால் கெட்டி வளையமும் மெத்து வளையமும் மாறிமாறி வந்து பிளேடை இழுத்துப் போகும். முதல் பயிற்சிக்கு அது வேண்டாம். முதல் சில தொங்கல்களில் 5 மி.மீ.க்குக் குறைந்த இடமே இல்லாத வடிவங்களை எடுங்கள். ஆளி எண்ணெயில் தோய்த்து முடித்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.

ஆக, கற்றுக்கொள்ள இந்த 16 அங்குல மெஷினை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், நல்ல பிளேடு இரண்டு டஜனையும் சேர்த்து வாங்குவதாக இருந்தால். பிடிப்பான், இறுக்கம், மேசைக் கோணம் எல்லாம் கையால் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது முன்பின் ஆட்டம் ஒன்றுதான். மெஷின் வந்த அன்றே, ஒரு மரத்தையும் அறுக்கும் முன், மூலைமட்டத்தை பிளேடுக்கு முன்னால் நிறுத்தி அதைப் பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பத்திரமாக வைத்திருங்கள்.