மிச்சம் பிடித்த ராத்திரி: டோக்கியோ விமானமும் முதல் நாளும்

"ராத்திரி விமானத்தில் போனால் ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம், அப்பா" என்றாள் பெங்களூருவில் இருக்கும் மகள். கேட்டதும் சரி என்றுதான் பட்டது. 31 வருடம் மீன் வலைக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவன் நான். மிச்சம் என்று யாராவது சொன்னால் காது தானாகத் திரும்பிவிடும். அந்த மிச்சம் கடைசியில் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதி வைக்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் இருந்து ஜப்பான் போக நினைப்பவர்கள், அதிலும் முதுகு வலி உள்ளவர்கள், படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஜப்பான் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பழனிக்குப் போய்விட்டு வரக் கூடாதா என்றாள் மைனி. நான் பார்த்துவந்த வலை பின்னும் மிஷின்களில் பாதிக்கு மேல் ஜப்பானில் செய்தவை. ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு தகடு, அதில் நாலு வரி எழுத்து. வாரா வாரம் அந்தத் தகட்டை எண்ணெய்த் துணியால் துடைத்திருக்கிறேன். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அந்த எழுத்தையே கடைப் பலகையிலும் பஸ்ஸிலும் எழுதி வைத்திருக்கும் ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மே மாதம் கிளம்பினோம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 5 வரை அங்கே தொடர் விடுமுறை, ஊரே பயணத்தில் இருக்கும், அது முடிந்து போங்கள் என்று மகள் சொன்ன யோசனை மட்டும் பழுதில்லாதது.

திங்கள்சந்தையில் இருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போக இரண்டே கால் மணி நேரம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மூன்று இடத்திலும் நெரிசல் எங்களைப் பிடித்து வைத்து அனுப்பியது. ராத்திரி பத்தரைக்குச் சிங்கப்பூர் விமானம். அதுவும் ராத்திரிப் பயணம்தான் என்பது டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. விடிகாலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அன்று பகல் முழுக்க அங்கேயே இருந்து, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு டோக்கியோ விமானம். ஒரு ராத்திரி மிச்சம் என்று சொல்லி இரண்டு ராத்திரியை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். சாங்கியைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரை ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: உள்ளேயே மணிக் கணக்கில் வாடகைக்கு அறை கிடைக்கிறது. ஆறு மணி நேரத்துக்காவது எடுத்துப் படுத்துவிடுங்கள். நாங்கள் எடுக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், மிச்சம்.

இனி அந்த விமானம். மலிவுக் கட்டண நிறுவனம், பெயர் வேண்டாம். இருக்கையை நாமே தேர்ந்தெடுக்கத் தனிக் காசு. கொடுக்காததால் கணினி எங்களைக் கடைசி வரிசையில், கழிப்பறைச் சுவரோடு சேர்த்து உட்கார வைத்தது. அந்த வரிசையில் சாய்மானம் பின்னால் போகாது. முன்னால் இருப்பவரின் சாய்மானம் மட்டும் நம் மடிக்கு வந்துவிடும். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் விளக்கு என் முகத்தில் அடித்தது. ஏழு மணி நேரத்தில் அந்தக் கதவு 64 முறை திறந்தது. எண்ணியதால் சொல்கிறேன், மிஷின் ஓட்டத்தை எண்ணிப் பழகியவனுக்கு அது ஒரு வியாதி.

தண்ணீருக்குக் காசு. போர்வைக்குக் காசு. குளிரோ மார்கழி மாதத்து முத்துக்குழிவயல் குளிர். கைப்பையில் ஒரு சாரம் (லுங்கி) வைத்திருந்தேன், அதைப் பிரித்து இரண்டு பேரும் போர்த்திக்கொண்டோம். பக்கத்து இருக்கை ஜப்பானிய இளைஞர் கட்டம் போட்ட அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினார். ஏறிய முதல் ஒரு மணி நேரம் விற்பனை வண்டி போய் வந்தது. இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிட்டார்கள். நடுவில் தூங்கக் கிடைப்பது நாலரை மணி நேரம், அதுவும் தூங்கத் தெரிந்தவர்களுக்கு. பணிப்பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைசி வரிசைக்காரர்களிடமும் முகம் சுளிக்காமல் பேசினார்கள். சொன்ன நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னதாகவே டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் இறக்கினார்கள், அதுவும் தேங்காய் எண்ணெய் விட்டதுபோல. ஓட்டியவருக்கு முழு மதிப்பெண்.

இறங்குவதற்கு முன் ஒரு சிக்கல். என் மனைவி வீட்டில் இருந்தே ஒரு சீப்பு மட்டிப் பழம் கொண்டுவந்திருந்தாள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப் பழத்தைச் சிங்கப்பூர் வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பழம், இறைச்சி இவற்றையெல்லாம் உரிய சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். இரண்டு நாள் பையில் இருந்து கறுத்துப்போன ஒன்பது பழத்தையும் விமானத்திலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தோம். ஒன்றை அந்த இளைஞருக்குக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தின்றுவிட்டு, தோலை மடித்துக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். ஊருக்குள் போன பிறகுதான் காரணம் புரிந்தது: தெருவில் குப்பைத் தொட்டியே கண்ணில் படுவதில்லை. அவரவர் குப்பை அவரவர் வீட்டுக்கு.

குடிநுழைவில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். என் ரேகை விழவில்லை. நைலான் நூலும் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழப்பாகிவிட்டது. நம் ரேஷன் கடைக் கருவியிலும் இதே கதைதான். அங்கே "பெரியவரே, வீட்டில் வேறு ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள். இங்கே அந்த அலுவலர் எழுந்து வந்து, ஈரத் துணியால் என் விரலைத் துடைத்து, நகத்தின் மேல் தன் விரலை வைத்து மெதுவாக அமுக்கினார். மூன்றாவது தடவையில் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நரிதாவில் இருந்து ஊருக்குள் போக ஸ்கைலைனர் என்ற ரயில் உண்டு. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம், நிப்போரி ரயில் நிலையத்துக்கு 40 நிமிடத்துக்குள் போய்விடும், 2,500 யென்னுக்கு மேல். எங்கள் ஓட்டல் டோக்கியோவின் அசகுசா பகுதியில். அங்கே மாறாமல் நேராகப் போகும் அக்சஸ் எக்ஸ்பிரஸ் என்ற சாதாரண ரயிலுக்கு 1,300 யென்னுக்குச் சற்று மேல், ஒரு மணி நேரம். யென்னைப் பாதியாக்கி அதோடு கொஞ்சம் சேர்த்தால் ரூபாய். இரண்டு பெட்டியோடு ரயில் மாறி ஏறுவதைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன். இந்தப் பயணத்தில் உண்மையாக மிச்சமானது இந்த இடத்தில்தான். வெளிநாட்டவருக்கென்று 28 நாள் செல்லும் வெல்கம் சூய்கா அட்டை விமான நிலையத்திலேயே கிடைக்கும். வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் வாசலில் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ரயிலில் சத்தம் இல்லை. வெளியே நட்டு நாலைந்து நாளே ஆன வயல்கள், தண்ணீர் தெரிய, வரப்பு ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல. என் மனைவி இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு பார்த்துவிட்டு, "நம்ம பூதப்பாண்டிப் பக்கம் மாதிரி இருக்கிறது" என்றாள். "முன்னால் இருந்த பூதப்பாண்டி" என்றேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

அசகுசாவில் நாங்கள் வெளியே வந்த வழியில் மின்தூக்கி இல்லை, படிக்கட்டுதான். 23 கிலோ பெட்டி இரண்டு. ஓட்டலை அடைந்தபோது மணி 11:20. அறை மூன்று மணிக்குத்தான். இதை மகள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிகளை வாங்கி வலை போட்டு மூடி, சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அறை மட்டும் மூன்றுக்கு முன் கிடையாது. நடை தளர்ந்த இரண்டு பேரைப் பார்த்து இரக்கப்படுவார்கள் என்று நினைத்தேன். இரக்கப்பட்டார்கள், குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். சாவி தரவில்லை.

நிற்க ஓர் இடம் வேண்டும் என்று நுழைந்தது ஓர் ஊடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடை. வாசலில் ஒரு மிஷின், காசைப் போட்டுப் படத்தை அமுக்கினால் சீட்டு வரும், அதைக் கொடுத்தால் கிண்ணம் வரும். பேச வேண்டிய வேலையே இல்லை. குழம்பின் ஆவி மூக்கில் பட்டதும் எனக்குக் குளச்சல் கடற்கரை வந்துவிட்டது. கட்சுவோபுஷி என்று அவர்கள் சொல்வது சூரை வகை மீனை வேகவைத்து, புகை போட்டு, விறகுக் கட்டைபோல உலர்த்தியது. நம் மாசிக் கருவாட்டுக்குச் சித்தப்பா மகன். 480 யென்னுக்கு வயிறு நிறைந்தது. மனைவிக்கு அன்று மீன் ஆகாது. கடையில் வாங்கிய சோற்று உருண்டைக்குள் உப்பிட்ட ஊமே காய் இருந்தது. கடித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். "உப்பு மாங்காய், ஆனால் கோபக்காரி" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பிறகு சென்சோஜி கோயில். வாசலில் தொங்கும் சிவப்புக் கூண்டு விளக்கு ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், 700 கிலோ. எரிந்துபோன அந்த வாசலை 1960இல் கட்டிக் கொடுத்தவர் மட்சுஷிதா. எண்பதுகளில் வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டர் நினைவிருக்கிறதா? அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். விளக்குக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தபோது என் மாமா வீட்டு டேப் ரெக்கார்டருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. பெரிய கோயில் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் எழுப்பியது. இப்போது கூரை ஓடு டைட்டானியம். தட்டிப் பார்க்க எட்டவில்லை.

100 யென் போட்டுக் குடுவையைக் குலுக்கினால் குச்சி விழும். அதன் எண்ணுக்கு உரிய இழுப்பறையில் பலன் சீட்டு. இந்தக் கோயிலில் கெட்ட பலன் தாராளமாக வரும் என்று பேர். எனக்கு வந்தது அதுதான்: பயணம் ஆகாது. சொல்லவே வேண்டாம். கெட்ட சீட்டை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். பழக்கத்தில் வலை முடிச்சுப் போட்டேன். தாள் கிழிந்துவிட்டது. ஒரு பாட்டியம்மா சிரித்துக்கொண்டே வேறு முடிச்சுக் காட்டிக் கொடுத்தார்.

கோயில் வந்த கதை இது: 628ஆம் ஆண்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சுமிதா ஆற்றில் வலை போட்டார்கள். மீன் வரவில்லை, பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கண்ணோன் சிலை வந்தது. ஊர்ப் பெரியவர் அது இன்னது என்று சொல்லித் தன் வீட்டையே கோயில் ஆக்கினார். அந்தச் சிலையை இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை. கூட்டம் முழுக்க இந்தக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வலது பக்கம் ஒதுங்கினால் அந்த மூன்று பேருக்குமே ஒரு கோயில் இருக்கிறது, அசகுசா ஜின்ஜா. 1649இல் கட்டியது, குண்டுக்கும் தப்பியது. அங்கே கூட்டம் இல்லை, உட்காரவும் இடம் உண்டு. மனைவியை உட்கார வைத்துவிட்டு விளக்குகளில் போட்டிருந்த முத்திரையைப் பார்த்தேன். கூம்பு மாதிரி மூன்று உருவம். கிட்டே போனால், உலரப் போட்ட மூன்று வலை. சாமிக்கு முத்திரை வலை. கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்பது நிமிடம் ஒவ்வொரு விளக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு அறை கிடைத்தது. பத்தாயத்துக்குள் படுத்ததுபோல, ஒரு பெட்டியைத் திறந்தால் மற்றதை மூட வேண்டும். குளியலறை முழுவதும் ஒரே வார்ப்பில் செய்து உள்ளே இறக்கியது, ஓரிடத்திலும் இணைப்புக் கசிவு இல்லை. ஐந்து மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு விழித்துக்கொண்டோம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிச்சமான வாடகை 5,500 ரூபாய். சாங்கியில் இரண்டு வேளைச் சாப்பாடு, கழுத்துத் தலையணை இரண்டு, விமானத்தில் தண்ணீரும் நூடுல்சும், முதுகுக்கு அசகுசாவில் வாங்கிய சாலன்பாஸ் எல்லாம் சேர்த்து 4,700. மீதி 800 ரூபாய்க்கு இரண்டு ராத்திரியையும் ஒரு சாயங்காலத்தையும் விற்றிருக்கிறோம். முந்தின நாளில் இருந்தே அறைக்குப் பதிவு செய்துவிடுங்கள். காலையில் போனதும் படுக்கலாம்.

வலை முத்திரைப் படத்தைக் கம்பெனி ஃபோர்மேனுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்து கிடந்தது: "அண்ணாச்சி, கண்ணி எத்தனை மில்லிமீட்டர்?"